ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர்: பெலிஸ் ஹோல் சானின் ஸ்நார்க்கலிங் படகுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கரீபியன் கடலோரத்தில் ஸ்நார்க்கலிங் அழைத்துப் போகாத சுற்றுலா ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பணம் கட்டினால் மாஸ்க், மூச்சுக் குழாய், காலில் மாட்டும் ஃபின் எல்லாம் கொடுத்து, படகில் ஏற்றி, பவளப்பாறைக்கு மேலே இறக்கிவிடுவார்கள். விளம்பரப் பலகைகளில் 'சிறு குழு' என்று தவறாமல் எழுதியிருக்கும். நெரிசலில்லாமல் பார்க்கலாம், யாரும் இடிக்க மாட்டார்கள் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். விற்கிறவருக்கும் அது போதும்.

பெலிஸ் நாட்டின் ஹோல் சான் கடல் காப்பகத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு விதி நிற்கிறது. ஸ்நார்க்கலிங் செய்ய இறங்கும் 8 பேருக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் நாமாகப் போய்க் குதித்துவிட்டு வர வழியில்லை. இந்த 8 எதைக் காப்பாற்றுகிறது, எந்த இடத்தில் பயனற்றுப் போகிறது என்று பார்க்க ஹோல் சான் வசதியான இடம். ஒரே அரைநாள் பயணத்தில், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டும் கண்ணெதிரே நடக்கின்றன.

மீனவர் தீவு

பெலிஸ் மத்திய அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மெக்சிகோவுக்குத் தெற்கே, குவாத்தமாலாவை ஒட்டி இருக்கும் சின்ன நாடு. பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட காலனி. 1981-ல் விடுதலை பெற்றது. அதன் கரைக்கு இணையாக ஏறக்குறைய 300 கி.மீ. நீளத்துக்குப் பவளத்திட்டு ஓடுகிறது. மெக்சிகோவின் யுகட்டான் முனையிலிருந்து ஹோண்டுராஸ் தீவுகள் வரை சுமார் 1,000 கி.மீ. போகும் மீசோஅமெரிக்கப் பவளத்திட்டின் நடுப்பகுதி இது. தெற்கே போகப் போகத் திட்டு கரையைவிட்டு விலகிப் போகிறது. வடக்கே, ஆம்பர்கிரிஸ் தீவில், ஊரின் படகுத்துறையில் நின்றாலே அலை உடைவது வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

அந்தத் தீவின் ஊர் சான் பெட்ரோ. நாட்டின் அலுவல் மொழி ஆங்கிலம் என்றாலும் இங்கே வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஸ்பானிஷ். 1847-ல் யுகட்டானில் வெடித்த 'சாதிப்போர்' என்ற மாயன் கிளர்ச்சிக்குத் தப்பி வந்த மெஸ்டிசோ (ஸ்பானிய-மாயன் கலப்பு) குடும்பங்களின் வாரிசுகள்தான் பழைய குடிகள். 20-ஆம் நூற்றாண்டில் இவர்கள் பிழைப்பு சிங்கி இறாலும் சங்கும். இறாலை வாங்கி ஏற்றுமதி செய்தவர்கள் வைத்ததுதான் விலை என்றிருந்த காலத்தில், மீனவர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். பக்கத்துத் தீவான கீ கால்கரில் 1960-லும் சான் பெட்ரோவில் 1963-லும் தொடங்கிய சங்கங்கள் இறாலை அவர்களே ஏற்றுமதி செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தன. கையில் காசு புழங்கியது. படகும் எஞ்சினும் சொந்தமாயின.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளில் பலர் இதே குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வெளியூர் முதலாளி வந்து கடலோரத்தை வளைத்துப்போட்டு உள்ளூர்க்காரரைத் தட்டுத் தூக்க வைக்கும் கதை கரீபியனில் ஏராளம். இங்கே விடுதிகள் விஷயத்தில் அதுவும் நடந்திருக்கிறது. ஆனால் படகுத் தொழிலில் மட்டும் கடலை அப்பனிடம் கற்றவர்கள் கையில் சுக்கான் தங்கிவிட்டது. எந்த வாய்க்காலில் எந்த நேரம் தண்ணீர் எப்படி ஓடும் என்பது பாடப்புத்தகத்தில் வராது.

1980-களில் சுற்றுலாவும் மீன்பிடியும் ஒரே பாறையில் மோதிக்கொள்ள ஆரம்பித்தன. சான் பெட்ரோவுக்குத் தென்கிழக்கே 6 கி.மீ. தள்ளி, பவளத்திட்டில் இயற்கையாக விழுந்த ஒரு பிளவு இருக்கிறது. சுமார் 23 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழம். அதுதான் ஹோல் சான். மாயன் மொழியில் சின்ன வாய்க்கால். வெளிக்கடலுக்கும், திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள உள்கடலுக்கும் போக்குவரத்து அதன் வழியாகத்தான் என்பதால் மீன்கள் அங்கே குவியும். மீன் குவிந்தால் தூண்டிலும் குவியும், பின்னாலேயே பயணிகளும் குவிவார்கள். 1987-ல் அந்த இடம் பெலிஸின் முதல் கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப் பிளவு ஒரு மண்டலம், அதற்கு உள்ளே கடற்புல் ஒரு மண்டலம், கரையோர அலையாத்திக் காடு இன்னொரு மண்டலம். பிளவுப் பகுதியில் மீன்பிடி அறவே கூடாது.

மூன்றையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்தது நல்ல முடிவு. பாறையில் பெரிதாகத் திரியும் மீன்கள் பல, குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அலையாத்தி வேர்களுக்கு நடுவில். பாறையை மட்டும் காத்துவிட்டு வேரை வெட்ட விட்டிருந்தால் இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

படகில் ஏறுவதற்கு முன்

வழக்கமான பயணம் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். திறந்த ஃபைபர் படகு, பின்னால் ஒன்றோ இரண்டோ அவுட்போர்டு எஞ்சின், வெயிலுக்கு மேலே ஒரு துணிக்கூரை. நம் மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

பயணத்தின் பாதி வெற்றி படகு கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு எளிய வழி, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுப்பது. கையை எடுத்தாலும் மாஸ்க் விழாமல் ஒட்டி நின்றால் சரி. தலைமுடி ஓரிழை உள்ளே மாட்டினாலும் தண்ணீர் வரும். மீசை இன்னும் பெரிய எதிரி. சிலிகான் ஓரம் மேலுதட்டில் அழுந்தி அடைக்க வேண்டிய இடத்தில் அடர்ந்த மயிர் நின்றால், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். நம் ஆட்களில் பலர் 'மாஸ்க் சரியில்லை' என்று திருப்பிக் கொடுப்பதற்கு உண்மைக் காரணம் இதுதான். மீசையின் மேல் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுவார்கள். கீழோரத்தை நூலளவு மழித்துவிட்டால் இன்னும் நல்லது. அதற்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பது வேறு விஷயம். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவைப்பது நல்லது.

ஏன் இந்தச் சில்லறை விஷயத்துக்கு இவ்வளவு இடம்? ஏனென்றால் பவளம் உடைவது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நீரின் மேல் படுத்தபடி மிதக்கிறவரின் ஃபின் பாறையைத் தொடாது. மாஸ்க்கில் தண்ணீர் வந்ததும் அவர் பதறி நிமிர்கிறார். உடம்பு செங்குத்தாகிறது. கால் தானாகக் கீழே உதைக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் எல்க்ஹார்ன் பவளத்தின் கிளை இருந்தால் அது முறிகிறது. கெட்ட எண்ணத்தால் பவளத்தை உடைக்கிறவர் அபூர்வம். கசியும் மாஸ்க்கால் உடைக்கிறவர்தான் அதிகம்.

சன்ஸ்கிரீனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்புகளை அமெரிக்க வர்ஜின் தீவுகள், அருபா, பொனெய்ர் எல்லாம் தடைசெய்திருக்கின்றன. ஆய்வகத்தில் அது பவளக் குஞ்சுகளைப் பாதித்தது உண்மை; திறந்த கடலில் கலந்திருக்கும் அளவு அவ்வளவு கேடு செய்யுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் இந்த வாதத்துக்கே வேலையில்லை. முதுகும் வேகாது.

வாய்க்காலில்

ஊரிலிருந்து கால் மணி நேர ஓட்டம். திட்டுக்கு உள்பக்கமாகவே போவதால் பெரிய அலை இருக்காது, ஆனால் கிழக்கிலிருந்து கொண்டல் வலுத்து வீசும் நாட்களில் முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கும். காப்பகத்தில் நிலையாகக் கட்டிவைத்த மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். நங்கூரம் போட்டால் அது விழும் இடமும் அதன் கயிறு அரைக்கும் இடமும் பவளம்தானே. காப்பகக் கட்டணம் கட்டியாயிற்றா என்று ரேஞ்சர்கள் படகு படகாக வந்து பார்ப்பது உண்டு.

பெலிஸ் கடலில் ஏற்றவற்ற வேறுபாடு மிகக் குறைவு, சுமார் 30 செ.மீ. தான். அதனால் நீரோட்டம் ஒன்றும் இருக்காது என்று நினைத்தால் ஏமாறுவோம். உள்கடலின் தண்ணீர் வெளியேறுவதற்கு இருக்கும் வாசல்கள் சில. அவற்றில் ஒன்று இந்த 23 மீட்டர் பிளவு. வற்றத்தின்போது அத்தனை தண்ணீரும் இதன் வழியாக வெளிக்கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். நன்றாக நீந்துகிறவரையும் அது மெதுவாக, அவருக்கே தெரியாமல், திட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விடும். கீழே பார்த்துக்கொண்டே மிதக்கிறவருக்கு நகர்கிறோம் என்ற உணர்வே வராது. வழிகாட்டிகள் சுவரை ஒட்டியே கூட்டிப்போவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் பகுதியை முதலில் முடித்துக்கொண்டு, களைத்த பிறகு அதோடு மிதந்து திரும்புவது அவர்கள் உத்தி.

தண்ணீருக்குள் தலையை விட்டதும் தெரிவது மீன்களின் அளவு. கரீபியனில் வேறு பல இடங்களில் விரலளவு மீன்களைத் துரத்திப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே களவா மீன் ஒன்று மனிதர்களைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போகும். பச்சை மோரே விலாங்கு பாறை இடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுவதுபோல் இருக்கும், அது மூச்சுவிடும் முறையே அதுதான். கீழே மணலில் புள்ளித் திருக்கைகள் இறக்கை வீசிப் போவதைப் பார்க்கலாம். கடற்புல் பக்கம் பச்சைக் கடலாமை மேயும். 40 ஆண்டுகளை நெருங்கும் மீன்பிடித் தடையின் பலன் இந்த உடல் பருமனில் கண்ணுக்குத் தெரிகிறது.

கிளிமீன்களுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். 1983-ல் கரீபியன் முழுக்க நீண்ட முள் கொண்ட கருப்புக் கடல் அர்ச்சின்கள் (கடல் முள்ளெலிகள்) ஒரு நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தன. பவளத்தின் மேல் படரும் பாசியைத் தின்று வந்தவை அவை. அவை போனபின் அந்த வேலை கிளிமீன்கள் தலையில் விழுந்தது. கிளிமீன் பிடித்துத் தின்றால் பாறையைப் பாசி மூடும். 2009-ல் பெலிஸ் கிளிமீன் போன்ற பாசிதின்னிகளைப் பிடிப்பதை நாடு முழுக்கத் தடைசெய்தது. மீன்பிடியில் வாழும் ஒரு நாடு சாப்பிடத்தக்க ஒரு மீனை முற்றாக விட்டுக்கொடுப்பது சாதாரணமல்ல. நீருக்கடியில் காதைக் கொடுத்தால் அவை பாறையைக் கறுக் மொறுக்கென்று கொறிக்கும் சத்தமே கேட்கும்.

ஒருவர் கண்ணுக்கு எத்தனை பேர்

இப்போது அந்த 8-க்கு வருவோம். வழிகாட்டி நீருக்குள் என்ன செய்கிறார் என்று கவனித்தால் மீனைக் காட்டுவது அவர் வேலையில் சிறு பங்குதான் என்பது புரியும். முன்னால் நீந்துகிறார். சில வினாடிக்கு ஒரு தடவை திரும்புகிறார். தலையை எண்ணுகிறார். ஒருவர் பின்தங்கினால் நிற்கிறார். நீந்தத் தெரியாதவர் இருந்தால் மிதவை வளையத்தைக் கொடுத்து அதைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டே போகிறார். யாராவது செங்குத்தாகி உதைக்க ஆரம்பித்தால் போய்த் தோளைத் தொட்டு, பாறை இல்லாத மணல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் மாஸ்க்கைச் சரிசெய்யச் சொல்கிறார்.

இதன் பயன் அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. கிழக்குக் கரீபியனின் செயின்ட் லூசியா தீவில் ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் நீந்துவது) செய்கிறவர்களை நீருக்குள் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-ல் வெளியானது. 353 பேரில் ஏறக்குறைய 74 சதவீதம் பேர் குறைந்தது ஒரு முறையாவது பாறையைத் தொட்டார்கள். பெரும்பாலானவை ஃபின் உதை. கேமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இடித்தார்கள். படகில் வைத்து 'பாறையைத் தொடாதீர்கள்' என்று ஒரு வாக்கியம் சொன்னதால் எந்த வித்தியாசமும் இல்லை. தொடுகிறவரைத் தண்ணீருக்குள்ளேயே பார்த்து வழிகாட்டி குறுக்கிட்டபோதுதான் இடிகள் தெளிவாகக் குறைந்தன.

அது ஸ்கூபா, இது ஸ்நார்க்கலிங். ஆழம் வேறு, பயிற்சி வேறு. ஆனாலும் விஷயம் இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஏன், இன்னும் கூடுதலாகவே பொருந்தும். ஸ்கூபா செய்கிறவர் வழக்கமாகச் சில நாள் பயிற்சியாவது எடுத்திருப்பார். ஸ்நார்க்கலிங் வருகிறவர் அன்று காலை முதன்முறையாக மாஸ்க்கை முகத்தில் வைத்தவராகக்கூட இருக்கலாம். படகில் உட்கார்ந்து கேட்ட அறிவுரை, மூக்கில் தண்ணீர் ஏறியதும் மறந்துபோகிறது. அப்போது பக்கத்தில் ஒரு கை வேண்டும். ஒருவரின் பார்வைக்குள் 8 பேர் அடங்குவார்கள், 20 பேர் அடங்க மாட்டார்கள். சிறு குழு என்பதன் முழு நியாயமும் இதில் இருக்கிறது.

பவளத்தைவிட மனித உயிருக்கு இது இன்னும் அவசரம். நீரில் முழுகுகிறவர் கையைத் தூக்கிக் கத்துவார் என்று நாம் நினைக்கிறோம். ஸ்நார்க்கலிங் மரணங்கள் பெரும்பாலும் சத்தமில்லாதவை. முகம் கீழே, குழாய் மேலே, உடம்பு மிதக்கிறது. இது நன்றாகப் பார்த்து ரசிக்கிறவரின் தோற்றமும்தான், நினைவிழந்தவரின் தோற்றமும்தான். ஃபின் அசைகிறதா என்பது ஒன்றே வித்தியாசம். அதைக் கவனிக்க ஒரு ஆள் அருகில் இருக்க வேண்டும், படகின் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், மூச்சுக் குழாயின் இறுக்கத்தை முதன்முதலாக உணர்கிறவர்கள் விஷயத்தில் இது மிகவும் பொருந்தும். 'எனக்கு நீச்சல் தெரியாது' என்று படகிலேயே வாய்விட்டுச் சொல்வதற்கு நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். குடும்பத்தோடு வந்திருக்கும் அப்பாக்கள்தான் இதில் மோசம். வழிகாட்டியின் கணக்கு சரியாக இருப்பதற்கு அவருக்கு முதலில் தெரிய வேண்டிய தகவலே அதுதான்.

சுறா சந்து

இரண்டாவது நிறுத்தம் ஷார்க் ரே ஆலி. வாய்க்காலிலிருந்து சிறு தூரம் தெற்கே. ஆழம் இரண்டரை மீட்டருக்குள். மணலும் கடற்புல்லும்தான், பவளம் அதிகமில்லை. பிடித்த மீனையும் சங்கையும் மீனவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கழுவி, குடலைத் தண்ணீரில் வீசுவது வழக்கமாக இருந்தது. அந்த வாடைக்கு நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் கூடப் பழகின. மீன் கழுவுவது குறைந்தபின், பயணிகளைக் கூட்டிவந்த படகுகள் அதே இடத்தில் மத்தித் துண்டுகளை வீசி அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தன. 1999-ல் இது ஹோல் சான் காப்பகத்தோடு சேர்க்கப்பட்டது.

படகு வேகத்தைக் குறைக்கும் சத்தத்திலேயே சுறாக்கள் வந்துவிடும். தீனி விழுவதற்கு முன்பே எஞ்சினைச் சுற்றி இரண்டு மீட்டர் நீளப் பழுப்பு உடல்கள் புரளும். பயப்பட வேண்டிய சுறா இல்லை. மற்றச் சுறாக்களில் பல ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிடும். இது கடல்தரையில் படுத்தபடி வாயால் நீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்பும். இரை பிடிப்பதும் உறிஞ்சித்தான். இயல்பில் இரவில் இரை தேடும் பிராணி. கையை வாய்ப்பக்கம் நீட்டினாலோ வாலைப் பிடித்தாலோ கடிக்கும். கடித்தால் லேசில் விடாது.

இங்கேதான் 8 என்ற எண் தன் பொருளை இழக்கிறது. எந்தப் படகும் விதியை மீறவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வழிகாட்டி, எட்டுக்குள் ஆட்கள். ஆனால் காலை பத்து மணிக்கு அதே சந்தில் பத்துப் படகு நின்றால்? சான் பெட்ரோவிலிருந்து வருவன போக, கீ கால்கரிலிருந்தும் வரும். பெலிஸ் சிட்டிக்கு வரும் சொகுசுக் கப்பல்கள் ஆழம் போதாமல் வெளியே நிற்க, அங்கிருந்து வேகப் படகில் ஏற்றிக் கொண்டுவரப்படும் கூட்டமும் உண்டு. எட்டும் எட்டும் சேர்ந்து நூறாகிறது. விதி ஒரு வழிகாட்டியின் பார்வையைத்தான் அளக்கிறது, ஓர் இடம் தாங்கும் சுமையை அளக்கவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

பிராணிகளுக்கு இதனால் என்ன ஆகிறது என்பதற்கு அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேமன் தீவுகளின் ஸ்டிங்ரே சிட்டியும் இதே கதைதான்: மீனவர்கள் மீன் கழுவிய மணல்திட்டு, பழகிய திருக்கைகள், பிறகு லட்சக்கணக்கில் பயணிகள். அங்குள்ள திருக்கைகளைப் பற்றி 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது இதுதான். இயல்பில் இரவில் தனியாக இரை தேடும் பிராணிகள் பகலில் நடமாடுபவையாக மாறிவிட்டன. நெருக்கமாகக் கூட்டம் சேர்கின்றன. சின்ன இடத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. இனப்பெருக்கத்துக்குப் பருவம் என்பதே போய் ஆண்டு முழுக்க நடக்கிறது. ஷார்க் ரே ஆலியை இதோடு அப்படியே பொருத்திவிட முடியாது. பக்கத்தில் காப்பகம் இருக்கிறது, பிராணிகள் அங்குமிங்கும் போய்வருகின்றன. ஆனால் எஞ்சின் சத்தத்துக்குப் பட்டப்பகலில் ஓடிவரும் இரவுப்பிராணியைப் பார்த்துவிட்டு 'காட்டுயிரைப் பார்த்தேன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதில் காசும் இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. வழிகாட்டியின் வருமானத்தில் டிப்ஸுக்குக் கணிசமான இடம் உண்டு. சுறாவை அணைத்துத் தூக்கிப் பயணியின் கேமராவுக்குக் காட்டும் வழிகாட்டிக்கு நல்ல டிப்ஸ் விழுகிறது. 'தொடாதீர்கள், தள்ளியே இருங்கள்' என்று கண்டிக்கிறவருக்குச் சிரிப்பு மட்டும் கிடைக்கலாம். வாய்க்காலில் வழிகாட்டியின் நலனும் பாறையின் நலனும் ஒரே பக்கம் நிற்கின்றன. பாறை செத்தால் பயணி வரமாட்டார். சந்தில் அவை எதிரெதிராக நிற்கின்றன. அதே மனிதர், அதே உரிமம், அரைமணி நேர இடைவெளி. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. டிப்ஸை நீட்டும் கை நம்முடையதுதான்.

எண்ணுக்கு வெளியே

வழிகாட்டிகள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. கல்பவளங்களின் திசுவை உரித்துப் போடும் ஒரு நோய் 2014-ல் ஃப்ளோரிடாவில் தெரிந்தது, 2018-ல் மெக்சிகோவின் கரீபியன் கரைக்கு வந்தது, 2019-ல் ஆம்பர்கிரிஸ் தீவின் வடக்குமுனையை எட்டியது. 2023 கோடையில் கரீபியன் முழுக்கக் கடல் கொதித்தபோது பவளங்கள் வெளுத்தன. அந்த ஆண்டு மூளைப்பவளத்தைப் பார்த்தவர்களுக்கு எட்டுப் பேரா எண்பது பேரா என்ற பேச்சே வேடிக்கையாகப் பட்டிருக்கும். வெப்பத்தில் தளர்ந்த பவளம் உதைபட்டால் தேறுவது இன்னும் கடினம் என்பதால் விதி முக்கியம்தான். ஆனால் அதைக் காட்டி 'நாங்கள் பவளத்தைக் காக்கிறோம்' என்று விற்பது மிகை.

மறுபக்கம், படகுக்காரர்கள் காத்த விஷயமும் ஒன்று உண்டு. பெலிஸ் பவளத்திட்டு 1996-ல் யுனெஸ்கோ உலக மரபிடமானது. 2009-ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. அலையாத்திகளை வெட்டிக் கடலோர நிலத்தை விற்றது ஒரு காரணம். அப்புறம் கடலடி எண்ணெய்க்குக் குத்தகைகள் கொடுக்கப்பட்ட விவகாரம் பெரிதாக வெடித்தது. 2012 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அமைப்புகள் நாடு முழுக்கத் தாங்களே ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடத்தின. சட்டப்படி செல்லாத வாக்கெடுப்பு. ஏறக்குறைய 29,000 பேர் வந்து வாக்களித்தார்கள், 96 சதவீதம் பேர் எண்ணெய் வேண்டாம் என்றார்கள். அத்தனை சின்ன நாட்டில் அது பெரிய கூட்டம். 2017 டிசம்பரில் கடலடி எண்ணெய் எடுப்புக்கு முழுத் தடை சட்டமானது. 2018-ல் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலிலிருந்து பெலிஸை நீக்கியது. பவளத்தைக் காட்டிப் பிழைக்கிற வீடுகள் ஊருக்கு ஊர் இல்லாமலிருந்தால் இந்த வாக்கு விழுந்திருக்குமா என்பது சந்தேகமே. ஒரு பயணியிடம் வாங்கும் கட்டணத்தின் உண்மையான பலன் அவர் திரும்பிப்போன பிறகு, வாக்குச்சாவடியில் தெரிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குக் கரீபியன் போவது இப்போது சகஜமாகிவிட்டது. பெலிஸோ, வேறு தீவோ, படகுக்காரரிடம் 'குழுவில் எத்தனை பேர்' என்று கேட்டால் போதாது. தண்ணீருக்குள் எங்களோடு இறங்கும் வழிகாட்டி எத்தனை பேர், படகில் யார் தங்குவார் என்று கேளுங்கள். படகில் 16 பேர் இருந்து, கேப்டன் மேலேயே உட்கார்ந்திருக்க, ஒரே வழிகாட்டி இறங்கினால் அது சிறு குழு ஆகாது. இரண்டாவதாக, சந்துக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேட்கலாம். காலையில் முதல் படகாகவோ பிற்பகல் கடைசியாகவோ போனால் கூட்டம் பாதிகூட இருக்காது. சந்தே வேண்டாம், வாய்க்காலிலேயே கூடுதல் நேரம் இருக்கிறோம், அல்லது வடக்கே மெக்சிகோ ராக்ஸ் என்ற இன்னொரு பவளப்பாறைக்குப் போகலாம் என்றால் ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். காப்பகக் கட்டணம் சொன்ன விலைக்குள் அடக்கமா, தனியா என்பதையும், சொன்ன விலை எந்த டாலரில் என்பதையும் கேட்டுவிடுங்கள். 2 பெலிஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமம் என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள், ஊரில் இரண்டும் புழங்கும், குழப்பம் சாதாரணமாக வரும்.

திரும்பும் வழியில் தர்பூசணித் துண்டும் ரம் பஞ்சும் தருவார்கள். ரம் எப்போதும் தண்ணீரைவிட்டு ஏறிய பிறகுதான். முதலிலேயே ஊற்றிக் கொடுக்கும் படகாக இருந்தால், மற்ற கேள்விகளைக் கேட்கத் தேவையே இல்லை, வேறு படகு பார்த்துக்கொள்ளலாம்.